மரவள்ளி மாவில் முளைக்கும் பிளாஸ்டிக் கிளை

சுங்கை சிப்புட்டில் ஆறாம் படிவம் படிக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. அவருடைய அம்மா செம்பனை நாற்றங்கால் ஒன்றில் வேலை செய்கிறார். அங்கே வந்த விற்பனைக்காரர் ஒருவர் வெள்ளைப் பரல்கள் கொண்ட பொட்டலம் ஒன்றைக் காட்டி, "மரவள்ளி மாவில் செய்தது. நாற்று வளரும் பாலிபேக் பையின் மண்ணில் கலந்தால் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பிறகு மக்கி மண்ணோடு மண்ணாகிவிடும்" என்று சொன்னாராம். பொட்டலத்தின் பின்பக்கத்தில் 'ஸ்டார்ச்சின் மேல் ஒட்டப்பட்ட பாலிஅக்ரிலேட்' என்று அச்சடித்திருக்கிறது. "அங்கிள், மாவின் மேல் பிளாஸ்டிக்கை எப்படி ஒட்டுகிறார்கள்? பசை போட்டா? வீட்டில் செய்து பார்க்கலாமா? நிஜமாகவே மக்குமா?" என்று கேட்கிறார்.

தம்பி, 'ஒட்டு' என்ற சொல்தான் உங்களைக் குழப்பிவிட்டது. ஆனால் நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் இருக்கிறது. உங்கள் தாத்தாவைக் கேட்டால் சொல்வார். என் அப்பா பால்மரத் தோட்டத்தில், அதாவது ரப்பர்த் தோட்டத்தில், ஒட்டுக்கட்டும் வேலை பார்த்தவர். நாற்றின் பட்டையில் விரலகலத்துக்கு ஒரு சன்னல் மாதிரிக் கீறி, பட்டையை மெல்ல உரித்து, நல்ல பால் தரும் மரத்திலிருந்து எடுத்த மொட்டுத் துண்டை அதில் செருகிப் பிளாஸ்டிக் நாடாவால் சுற்றிவிடுவார். மூன்று வாரம் கழித்துப் பிரித்துப் பார்த்தால் மொட்டு பச்சையாக இருக்கும். அதன் பிறகு அது வேறு மரம், இது வேறு மரம் என்று பிரிக்க முடியாது. வேர் ஒன்றினுடையது, கிளை இன்னொன்றினுடையது, ஆனால் மரம் ஒன்றே. வேதியியலில் சொல்லும் ஒட்டும் இந்த ஒட்டுதான். பசைக்கு இதில் வேலையே இல்லை. மாவின் மூலக்கூறும் பிளாஸ்டிக்கின் மூலக்கூறும் வேதிப்பிணைப்பால் இணைந்து ஒரே மூலக்கூறாகிவிடுகின்றன. நான் சொல்லப்போகும் மற்ற எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்து வருபவை.

முதலில் மாவைப் பார்ப்போம். மரவள்ளி மாவு, சகோ மாவு, அரிசி மாவு எல்லாவற்றிலும் இருப்பது ஸ்டார்ச், அதாவது மாவுச்சத்து. குளுக்கோஸ் என்ற சர்க்கரை ஆயிரக்கணக்கில் கைகோத்து நிற்பதுதான் அது. கோத்த விதத்தில் இரண்டு வகை உண்டு. நேராக நீளும் சங்கிலி அமைலோஸ், மரம் மாதிரி கிளைவிட்டுப் போவது அமைலோபெக்டின். மரவள்ளியில் அமைலோஸ் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு, சகோவில் நான்கில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கும். ஒவ்வொரு குளுக்கோஸ் அலகிலும் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த மூன்று ஹைட்ராக்சில் கைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன: இரண்டாம் கார்பனில் ஒன்று, மூன்றாம் கார்பனில் ஒன்று, ஆறாம் கார்பனில் ஒன்று. வேதியியல்காரன் பிடித்துக்கொள்ள வேண்டிய பிடி இந்தக் கைகள்தான்.

அப்படியே கரண்டியில் அள்ளும்போது மாவு மணிமணியாக இருக்கிறது. ஒரு மரவள்ளி மணி ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, இரண்டு பங்கு அளவுதான். குளிர்ந்த தண்ணீரில் போட்டால் அடியில் படிந்துவிடும். அடுப்பில் வைத்துக் கிண்டினால் 60, 65 டிகிரியைத் தாண்டும்போது மணிகள் தண்ணீர் குடித்து உப்பி உடைந்து, பால் நிறக் கரைசல் திடீரென்று கண்ணாடி மாதிரித் தெளிந்து கெட்டியாகும். பள்ளிச் சட்டைக்குக் கஞ்சி போட அம்மா காய்ச்சும்போது பார்த்திருப்பீர்கள். இந்தத் தெளியும் கணம் நம் கதையில் முக்கியமானது, பிறகு சொல்கிறேன்.

இனி கிளை. மோனோமர் என்பது ஒற்றை மணி, பாலிமர் என்பது கோத்த மாலை. அக்ரிலோநைட்ரைல், அக்ரிலிக் அமிலம், அக்ரிலமைடு, மெத்தில் மெத்தாக்ரிலேட் எல்லாம் இரட்டைப் பிணைப்புள்ள சின்ன மோனோமர்கள். இவை கோர்க்கத் தொடங்க ஒரு தூண்டுதல் வேண்டும். அதுதான் ரேடிக்கல்: ஜோடியில்லாத ஒரே ஒரு எலெக்ட்ரானுடன் தவித்துக்கொண்டிருக்கும் அணு அல்லது மூலக்கூறு. பக்கத்தில் வரும் இரட்டைப் பிணைப்பைப் பிடித்துக்கொண்டால் அதன் தவிப்பு அடுத்த மோனோமரின் முனைக்குப் போய்விடும். அது அடுத்ததைப் பிடிக்கும். இப்படியே ஒரு நொடிக்குள் ஆயிரக்கணக்கில் கோத்துக்கொண்டு போகும்.

அந்த முதல் ரேடிக்கலை எங்கே உண்டாக்குகிறோம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. தண்ணீரில் உண்டாக்கினால் மாலை தண்ணீரில் தனியாக வளரும். மாவும் பிளாஸ்டிக்கும் கலந்து கிடக்குமே தவிர இணையாது. மாவின் மேலேயே உண்டாக்கினால் கிளை மாவிலிருந்து முளைக்கும். 1958இல் மினோ, கைசர்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதற்கு ஓர் அருமையான வழியைக் காட்டினார்கள். சீரியம் என்ற உலோகத்தின் உப்பு ஒன்றை, சீரிக் அமோனியம் நைட்ரேட்டை, நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் கரைத்தால் ஆரஞ்சும் மஞ்சளும் கலந்த நிறத்தில் இருக்கும். அந்த சீரிக் அயனி குளுக்கோஸின் இரண்டாம், மூன்றாம் கார்பன்களில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு ஹைட்ராக்சில்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஓர் எலெக்ட்ரானைப் பறித்து, அந்த இரு கார்பன்களுக்கும் நடுவிலுள்ள பிணைப்பை அறுத்துவிடுகிறது. ஒரு பக்கம் ஆல்டிஹைடு ஆகிறது, மறு பக்கத்தில் ரேடிக்கல். அப்பா பட்டையில் வெட்டிய சன்னல் மாதிரியே, சர்க்கரை வளையத்தில் ஒரு சன்னல் திறக்கிறது. ரேடிக்கல் பிறப்பது மாவின் உடம்பில் என்பதால் கிளையும் பெரும்பாலும் அங்கேதான் முளைக்கிறது.

ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். தோட்டத்தில் மொட்டை வேறு மரத்திலிருந்து தயாராகக் கொண்டுவந்து செருகுகிறோம். இங்கே சன்னலைத் திறந்ததும் கிளை அங்கேயே தளிர்விட்டு வளர்கிறது. தயாரான பாலிமரைக் கொண்டுவந்து மாவில் பொருத்தும் முறையும் உண்டு. ஆனால் நீளமான பாலிமர் தன்னைத்தானே சுருட்டிக்கொண்டிருக்கும், பொருந்த வேண்டிய முனை மாவின் கையைத் தேடி வந்து சேருவது கடினம். சின்ன மோனோமர்கள் எந்த இடுக்கிலும் நுழைந்து வந்துவிடும். அதனால் வளர்க்கும் முறையைத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள். சீரியம் விலை கூடியது என்பதால் பெர்சல்ஃபேட் உப்பு, இரும்பு உப்போடு ஹைட்ரஜன் பெராக்சைடு, காமா கதிர் ஆகியவற்றையும் பயன்படுத்துகிறார்கள். பெர்சல்ஃபேட்டில் ரேடிக்கல் முதலில் தண்ணீரில் பிறப்பதால் தனி மாலைகள் அதிகம் சேரும். அது அந்த முறையில் உள்ள குறை.

மாணவனாக இருந்தபோது நானே இதைச் செய்திருக்கிறேன். மரவள்ளி மாவைக் காய்ச்சித் தெளியவைத்து, ஆறவைத்து, அக்ரிலோநைட்ரைல் ஊற்றி, சீரியக் கரைசலை விட்டேன். ஒன்றுமே நடக்கவில்லை. ஒரு மணி நேரம் கிண்டியும் கஞ்சி கஞ்சியாகவே இருந்தது. தவறு என்னுடையதுதான். நைட்ரஜன் வாயுவைக் குமிழவிட்டுக் கரைசலில் உள்ள ஆக்சிஜனை வெளியேற்ற வேண்டும், நான் அவசரத்தில் ஐந்து நிமிடம்தான் விட்டிருந்தேன். ஆக்சிஜன் ரேடிக்கலைப் பார்த்ததும் பிடித்து அமுக்கிவிடும். மறுநாள் பொறுமையாக நைட்ரஜனை விட்டேன். சீரியத்தைச் சேர்த்ததும் ஆரஞ்சு நிறம் கண்ணெதிரே வெளுத்தது. குடுவை வெதுவெதுப்பானது. தெளிவாக இருந்த கஞ்சி வெண்மையாகி, கெட்டியாகி, கிண்டும் கோலைச் சுற்றித் திரள் திரளாகச் சேர்ந்தது. தேங்காய்ப்பால் திரிவது மாதிரி இருந்தது.

அடுத்த கட்டம் இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. பாலிஅக்ரிலோநைட்ரைல் தண்ணீரை விரும்பாத சங்கிலி, கம்பளி மாதிரி நூற்கும் அக்ரிலிக் இழையின் மூலப்பொருள் அதுதான். அந்த நிலையில் அது தண்ணீரைப் பிடிக்காது. சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்துச் சூடாக்கினால் அதிலுள்ள நைட்ரைல் என்ற கார்பன்-நைட்ரஜன் குழுக்கள் கார்பாக்சிலேட்டாகவும் அமைடாகவும் மாறும். பொட்டலத்தில் போட்டிருக்கும் பாலிஅக்ரிலேட் என்பது கார்பாக்சிலேட் நிறைந்த இந்தச் சங்கிலிதான். அப்படி மாறும்போது குழம்பு முதலில் ஆரஞ்சாகி, செங்கல் சிவப்பாகி, பிறகு மெல்ல வெளுத்து வெளிர்மஞ்சளுக்கு வரும். நிறம் வெளுத்தால் வேலை முடிந்தது என்று பொருள். அப்போது கிளம்பும் வாடை நமக்குப் புதிதில்லை. தோட்டத்து ஸ்டோரில் ரப்பர்ப் பால் உறையாமல் இருக்கச் சேர்ப்பார்களே, அந்த அமோனியா வாடைதான். நைட்ரைலில் இருந்த நைட்ரஜன் அமோனியாவாக வெளியே போகிறது. ஆய்வுக்கூடத்தில் அந்த வாடையை முகர்ந்தபோது ஒரு நிமிடம் நான் ஸ்டோர் வாசலில் தூக்கை வைத்துக்கொண்டு நின்றேன்.

இந்தப் பொருளை உலகுக்குக் கொண்டுவந்தது அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் பியோரியா நகரிலுள்ள வேளாண்துறை ஆய்வுக்கூடம். இரண்டாம் உலகப்போரின்போது பென்சிலினைப் பெருமளவில் விளைவிக்க வழிகண்ட இடம் அது. விவசாயிகளிடம் மிஞ்சிக்கிடந்த மக்காச்சோளத்துக்கு ஒரு பயன் தேடி, வீவர், பேக்லி, ஃபான்டா, டோன் என்ற நால்வர் மக்காச்சோள மாவில் மேலே சொன்ன வேலையைச் செய்தார்கள். 1976இல் காப்புரிமைகள் வந்தன. தன் எடையைப்போலப் பல நூறு மடங்கு தண்ணீரை உறிஞ்சியதால் 'சூப்பர் ஸ்லர்ப்பர்' என்று பெயர் வைத்தார்கள். 1978இல் ஜப்பானின் சான்யோ கெமிக்கல் நிறுவனம் ஸ்டார்ச்சில் அக்ரிலிக் அமிலத்தை ஒட்டிய உறிஞ்சியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றைய குழந்தை டயப்பரில் பெரும்பாலும் ஸ்டார்ச் கிடையாது, வெறும் பாலிஅக்ரிலேட்தான். ஆனால் தொடக்கம் மாவில்தான்.

ஏன் இவ்வளவு தண்ணீர்? கார்பாக்சிலேட் குழுக்கள் எதிர்மின்னேற்றம் கொண்டவை, ஒன்றையொன்று விலக்கித் தள்ளும். அவற்றோடு சோடியம் அயனிகள் கட்டுண்டு கிடக்கின்றன. உள்ளே உப்பு அதிகம், வெளியே குறைவு என்பதால் தண்ணீர் உள்ளே பாய்கிறது. உலர்ந்த திராட்சையை ஊறவைத்தால் உப்புவதும் இதே சவ்வூடு பரவல்தான். சங்கிலிகள் கரைந்து போகாமல் தடுப்பது ஒன்றோடொன்றைக் கட்டும் குறுக்குப் பிணைப்புகள். ஒரே மாவு மூலக்கூறில் பல கிளைகள் வேர்கொண்டிருப்பதும் அந்தப் பின்னலுக்கு உதவுகிறது.

முன்பு சொன்ன தெளியும் கணத்துக்கு இங்கே வருகிறேன். மாவைக் காய்ச்சாமல் மணியாகவே வைத்து ஒட்டினால் கிளைகள் எண்ணிக்கையில் அதிகம், நீளத்தில் குறைவு. காய்ச்சித் தெளிந்த கஞ்சியில் ஒட்டினால் கிளைகள் குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் மிக நீளம். ஒரே மாவு, ஒரே மோனோமர், அடுப்பில் வைத்ததா இல்லையா என்பதே பொருளை மாற்றிவிடுகிறது. மாணவர்கள் இதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

"உண்மையில் ஒட்டியிருக்கிறதா, சும்மா கலந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்?" என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பாலிஅக்ரிலோநைட்ரைலை டைமெத்தில்ஃபார்மமைடு என்ற கரைப்பான் கரைத்துவிடும், ஸ்டார்ச்சின் கிளையாக இருப்பதைக் கழுவி எடுக்க முடியாது. அதனால் கழுவிய பிறகும் மாவின் எடைக்கு மேல் மிஞ்சியிருப்பது ஒட்டியது. 10 கிராம் மாவில் தொடங்கிக் கழுவிக் காயவைத்த பிறகு 18 கிராம் இருந்தால் 8 கிராம் கிளை. மாவைக்கொண்டு கணக்கிட்டால் 80 விழுக்காடு ஒட்டு, மொத்தப் பொருளில் 44 விழுக்காடு செயற்கைப் பகுதி. கோத்த மோனோமர் 10 கிராம் என்றால் 2 கிராம் தனி மாலையாகப் போய்விட்டது, ஒட்டுத்திறன் 80 விழுக்காடு. கழுவாமல் எடைபோட்டு "நூறு விழுக்காடு ஒட்டிவிட்டது" என்று எழுதும் அறிக்கைகளைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும்.

இன்னொரு சான்று: மாவுப் பகுதியை அமிலத்திலோ அமைலேஸ் நொதியிலோ கரைத்துவிட்டால் கிளைகள் மட்டும் மிஞ்சும். அவற்றைத் தனியே எடுத்து நீளத்தை அளக்கலாம். 

இந்தச் சோதனையே உங்கள் மூன்றாவது கேள்விக்கும் பதில். மண்ணில் நடப்பதும் இதுதான். குளுக்கோஸ்களுக்கு நடுவே ஆக்சிஜன் பாலங்கள் இருக்கின்றன. மண்ணிலுள்ள பூஞ்சையும் பாக்டீரியாவும் அமைலேஸ் சுரந்து அந்தப் பாலங்களை வெட்டிச் சர்க்கரையைத் தின்றுவிடும். கிளையின் முதுகெலும்போ கார்பனும் கார்பனும் நேரடியாக இணைந்தது, அமைலேஸ் பிடிக்க அங்கே பாலமே இல்லை. அது மிக மிக மெதுவாகத்தான் சிதையும். ஆகவே "மாவில் செய்தது, மக்கிவிடும்" என்று அந்த விற்பனைக்காரர் சொன்னது பாதி உண்மை. மாவுப் பங்கு மக்கும், மற்றது கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் துண்டுபட்டு மண்ணில் கிடக்கும். பாலிகேப்ரோலாக்டோன் மாதிரி எஸ்டர் பிணைப்புள்ள கிளையை ஒட்டினால் அதுவும் மக்கும், ஆனால் அது தண்ணீர் உறிஞ்சும் பொருள் இல்லை. பொட்டலத்தில் பாலிஅக்ரிலேட் என்று போட்டிருந்தால் முழுதும் மக்கும் என்று நம்ப வேண்டாம்.

வீட்டில் செய்யலாமா? கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. அக்ரிலோநைட்ரைல் எளிதில் தீப்பற்றும், ஆவியும் நஞ்சு, தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2024இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் வகுப்பில் சேர்த்தது. அக்ரிலமைடு நரம்பைப் பாதிக்கும். பள்ளி ஆய்வுக்கூடத்திலும் வேண்டாம், ஆசிரியர் சரி என்றாலும் வேண்டாம். செய்து முடித்துக் கழுவிய பொருளில் ஆபத்து அந்த அளவுக்கு இல்லை. ஆபத்து மோனோமரில்தான்.

நம் நாட்டிலும் இந்த வேலை நடந்திருக்கிறது. சரவாக்கின் முக்கா பக்கம் விளையும் சகோ மாவில் அக்ரிலோநைட்ரைலை ஒட்டி, நைட்ரைலை அமிடாக்சிம் என்ற குழுவாக மாற்றி, தண்ணீரிலிருந்து தாமிரம் போன்ற உலோக அயனிகளைப் பிடிக்கும் பிசினை செர்டாங்கின் புத்ரா பல்கலைக்கழகத்தில் செய்தார்கள். அக்ரிலமைடு ஒட்டிய ஸ்டார்ச், கலங்கிய நீரில் துகள்களைத் திரட்டி அடியில் படியவைக்க உதவும். ரப்பர் தெரிந்தவர்களுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் இருக்கிறது. நம் பால்மரத்துப் பாலிலேயே மெத்தில் மெத்தாக்ரிலேட்டை ஒட்டிய எம்ஜி ரப்பர், 1950களிலேயே வந்தது. எம்ஜி 30, எம்ஜி 49 என்ற எண்கள் அந்த மெத்தாக்ரிலேட்டின் விழுக்காட்டைக் குறிப்பவை. பசைகளிலும் கடினமான ரப்பர்ப் பொருள்களிலும் அது பயன்படுகிறது. அங்கே அடிமரம் ரப்பர், இங்கே மாவு. வேதியியல் ஒன்றுதான்.

சரி, அம்மாவுடைய நாற்றங்காலுக்கு வருவோம். பல நூறு மடங்கு என்ற கணக்கு வடிகட்டிய தூய நீருக்கு. உப்பு கலந்தால் வெளியேயும் அயனிகள் வந்துவிடும், தண்ணீர் உள்ளே பாயும் வேகம் போய்விடும். நம் உடம்பின் அளவு உப்புள்ள நீரில் சில பத்து மடங்காக இறங்கிவிடும். சோடியம், பொட்டாசியத்தைவிடக் கால்சியமும் மெக்னீசியமும் மோசம். அவை இரண்டு கைகளால் இரண்டு கார்பாக்சிலேட்டுகளைச் சேர்த்துக் கட்டிப்போட்டுவிடும், பரல் சுருங்கிக் கடினமாகிவிடும். ஈப்போவிலிருந்து நம் பக்கம் வரை சுண்ணாம்புக் குன்றுகள் இருக்கின்றன, அவற்றின் அடிவாரத்துக் கிணற்று நீரில் கால்சியம் கரைந்திருக்கும். செம்பனை நாற்றுக்கு உரமும் தவறாமல் போடுவார்கள், அதுவும் உப்புதான். ஆகவே பொட்டலத்தில் போட்ட மடங்கு பாலிபேக்கில் கிடைக்காது. தினமும் நீர் பாய்ச்ச ஆள் இருக்கும் நாற்றங்காலில் இதற்குச் செலவழிப்பது வீண் என்பது என் எண்ணம். நீர் எட்டாத மேட்டில், மறுநடவு செய்த கன்றின் குழியில், வறண்ட மாதத்தில் ஒரு பிடி போட்டால் பயன் தெரியும்.

வாங்குவதற்கு முன் அம்மாவிடம் சொல்லி ஒரு சோதனை செய்யுங்கள். இதில் எந்த ஆபத்தும் இல்லை. சமையலறைத் தராசில் ஒரு கிராம் பரலை மூன்று முறை நிறுத்து மூன்று பெரிய பாத்திரங்களில் போடுங்கள். ஒன்றில் மழைத்தண்ணீர், ஒன்றில் நாற்றங்காலின் கிணற்றுத் தண்ணீர், ஒன்றில் அவர்கள் வழக்கமாகக் கரைக்கும் உரத்தண்ணீர், ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர். இரவு முழுதும் விடுங்கள். காலையில் தேயிலை வடிகட்டியில் பத்து நிமிடம் வடியவிட்டு ஊறியதை நிறுங்கள். அப்புறம் மழைத்தண்ணீரில் ஊறிய கூழில் கொஞ்சம் எடுத்து மருந்துக்கடை அயோடின் ஒரு சொட்டு விடுங்கள். நீலமோ ஊதாவோ வந்தால் மாவு இருக்கிறது. பழுப்பாகவே நின்றால் மாவு இருப்பதற்கு அடையாளம் இல்லை, ஆனால் கிளை நெருக்கமாக ஒட்டிய மாவிலும் நிறம் மங்கலாகத் தெரியலாம் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். மூன்று எடைகளையும் அயோடினின் நிறத்தையும் எழுதி அனுப்புங்கள். கிணற்றுத் தண்ணீர் எடையைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.